பழசைக் காட்டினால் போதுமா? படங்களும் பழைய நினைப்பும்

கேள்வி இதுதான். எந்தப் படத்தைப் பார்த்தாலும் நடுவில் ஒரு பழைய பாட்டு வருகிறது, சுவரில் ஒரு பழைய போஸ்டர் தெரிகிறது, கேசட்டும் சைக்கிளும் வந்துவிடுகின்றன, தியேட்டரும் உடனே விசிலடிக்கிறது. இதற்கு நாம் ஏன் இப்படி உருகுகிறோம், படம் எடுப்பவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள், இது கொஞ்சம் ஏமாற்று வேலை இல்லையா? மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான். பழைய பொருளைத் திரையில் பார்த்ததும் வருவது அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷம். "அட, இது நம்ம வீட்லயும் இருந்துச்சே" என்கிற அளவுதான், இரண்டு நொடியில் போய்விடும். தொண்டை அடைக்கிறதே, அது வேறு. அந்தப் பொருளோ ஆளோ காலமோ இனி கிடைக்காது என்று படம் நமக்கு உறைக்க வைக்கும்போதுதான் அது நடக்கிறது. முதல் வேலையை யார் வேண்டுமானாலும் செய்யலாம், பழைய சாமான்களை வாடகைக்குக் கொடுக்கும் ஆளின் நம்பர் கையில் இருந்தால் போதும். இரண்டாவதற்குத் திரைக்கதை வேண்டும்.

இந்தப் பழைய நினைப்பின் ஏக்கத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் நாஸ்டால்ஜியா என்ற சொல்லே ஒரு நோயின் பெயராகத்தான் பிறந்தது. 1688ல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர் பாஸலில் தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கிய சொல் அது. கிரேக்கத்தில் 'நோஸ்டோஸ்' என்றால் வீடு திரும்புதல், 'அல்கோஸ்' என்றால் வலி. வீட்டைப் பிரிந்து வெளிநாட்டில் கிடந்தவர்களுக்கு வருகிற வியாதி என்று அவர் எழுதினார். பிறகு பதினெட்டாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர் ரூசோ தன் இசை அகராதியில் இதை ஒட்டி ஒரு விஷயம் சொல்கிறார், எனக்கு மிகவும் பிடித்தது. சுவிஸ் மலைகளில் மாடு மேய்க்கிறவர்களின் மெட்டு ஒன்று உண்டு; வெளிநாட்டுப் படைகளில் வேலை பார்த்த சுவிஸ் வீரர்கள் அதைக் கேட்டால் அழுவார்கள், படையை விட்டு ஓடுவார்கள், செத்தும் போவார்கள், அதனால் படைக்குள் அதை வாசிக்கவே கூடாது, மீறினால் மரண தண்டனை என்று இருந்ததாம். சரி, அந்த மெட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, வெளியாள் கேட்டால் எந்தப் பாதிப்பும் கிடையாது என்கிறார் ரூசோ. அங்கே இசை இசையாக வேலை செய்யவில்லை, நினைவைத் தட்டி எழுப்பும் அடையாளமாக வேலை செய்கிறது என்பது அவர் விளக்கம். சினிமா பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னாலேயே பின்னணி இசையின் பெரிய ரகசியத்தை மனுஷன் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதனால்தான் பழைய நினைப்பைக் கிளப்ப நினைக்கும் இயக்குநர் முதலில் கை வைப்பது பாட்டில். ஒரு காட்சியை நாம் கண்ணால் பார்த்து, புரிந்துகொண்டு, அப்புறம்தான் உணர்கிறோம். பாட்டுக்கு அந்த வரிசை தேவையில்லை, முன்னிசையின் முதல் இரண்டு நொடியிலேயே ஆள் காலி. ஆனால் இங்கேயும் நல்ல பயன்பாடு, சோம்பேறிப் பயன்பாடு என்று இரண்டு உண்டு. சண்டைக் காட்சியில் சம்பந்தமே இல்லாமல் ஒரு பழைய குத்துப்பாட்டைப் போட்டுவிட்டால் தியேட்டர் கத்தும், அது வேலை செய்யும், இரண்டு மூன்று படங்களுக்கு. அதற்குப் பிறகு அது ஒரு பழக்கதோஷம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் மஞ்சும்மல் பாய்ஸ் (2024) என்ற மலையாளப் படம் செய்ததைப் பாருங்கள். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன நண்பர்களில் ஒருவன் குகைக்குள் குழியில் விழுந்துவிடும் கதை. அந்தக் குகைக்குக் குணா குகை என்ற பெயரே 1991ல் வந்த குணா படத்தால் வந்தது, ஆகவே பாட்டு வெளியே இருந்து ஒட்டவைத்த சமாச்சாரம் இல்லை, கதை நடக்கிற இடத்தின் பெயரிலேயே இருக்கிறது. நண்பர்கள் குணாவின் 'கண்மணி அன்போடு காதலன்' பாட்டைப் பாடித் திரிகிறார்கள், நாமும் சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். அப்புறம் குழியில் விழுந்தவனை நண்பன் மேலே தூக்கி வரும் நேரத்தில், இது மனிதக் காதல் இல்லை என்று சொல்லும் அந்த வரி வருகிறது. முப்பது வருஷமாக ஓர் ஆணும் பெண்ணும் சம்பந்தப்பட்ட வரியாக நம் தலைக்குள் இருந்தது, ஒரே நொடியில் இரண்டு நண்பர்களின் வரியாக மாறிவிடுகிறது. பழைய பாட்டை எடுத்தார்கள், அதே அர்த்தத்தில் திருப்பித் தரவில்லை, கூடுதலாக ஒன்றைப் போட்டுத் தந்தார்கள். தியேட்டரில் அழுதவர்கள் குணாவுக்காக அழவில்லை. (இந்தப் பாட்டைப் பயன்படுத்தியதற்காக இளையராஜா தரப்பிலிருந்து தயாரிப்பாளர்களுக்கு நோட்டீஸ் போனதும் நடந்தது. பழைய பாட்டு இன்று எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.)

லப்பர் பந்து அதே வருஷம் வந்தது. கெத்து என்று பெயரெடுத்த, வயது ஏறிக்கொண்டிருக்கிற ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரர், விஜயகாந்த் ரசிகர், மட்டையோடு இறங்கினால் பொன்மனச் செல்வன் (1989) படத்தின் 'நீ பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிக்கும். அந்தப் பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பில் படத்தின் சாமர்த்தியத்துக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விஜயகாந்த் 2023 டிசம்பர் கடைசியில்தான் இறந்திருந்தார், படம் 2024 செப்டம்பரில் வருகிறது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு, அவர் இருந்தபோது அவரைச் சரியாகக் கொண்டாடவில்லையோ என்கிற ஒரு குற்ற உணர்ச்சியும் இருந்தது என்று நினைக்கிறேன். அதே பாட்டு ஐந்து வருஷம் முன்னால் வந்திருந்தால் ஜாலியான ஒரு ரெஃபரன்ஸாகப் போயிருக்கும். ஆள் போன பிறகு வந்ததால்தான் அவ்வளவு கனம்.

அடுத்தது வயது. மனிதர்களிடம் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லச் சொன்னால் சுமார் 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவையே மற்ற காலத்தை விட அதிகமாக வருகின்றன என்பது உளவியலில் பலமுறை சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம், நினைவு மேடு என்று வைத்துக்கொள்ளலாம். முதல் காதல், முதல் வேலை, முதல் தோல்வி எல்லாம் அந்த மேட்டில்தான் கிடக்கின்றன. இதில் ஒரு தொழில் கணக்கும் இருக்கிறது. படம் இயக்கும் வாய்ப்பு பலருக்கு முப்பதின் கடைசியில், நாற்பதில் கிடைக்கிறது; அவர்களுடைய பள்ளிக்காலம் அப்போதைக்கு இருபது இருபத்தைந்து வருஷம் பின்னால் நிற்கிறது. டிக்கெட் எடுக்கப் பணமும் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் அதிகாரமும் உள்ள பார்வையாளருக்கும் ஏறக்குறைய அதே வயது. 1980களில் 50களைப் பற்றி எடுத்தார்கள், 90களில் 70களைப் பற்றி, இப்போது 90ஸ் கிட்ஸ் முறை. யாரும் கூடிப்பேசி முடிவு செய்வதில்லை, தலைமுறை தானாக அங்கே வந்து நிற்கிறது.

ஆனால் வருஷக் கணக்கு மட்டும் போதாது என்பதற்கு ஜார்ஜ் லூகாஸின் அமெரிக்கன் கிராஃபிட்டி நல்ல உதாரணம். 1973ல் வந்த படம், கதை நடப்பது 1962ல், ஒரே ஒரு கோடை இரவு. இடையில் வெறும் 11 வருஷம்! 11 வருஷத்துக்கு முந்தைய காலத்தை நினைத்து ஒரு நாடே எப்படி ஏங்கும்? ஏங்கியதற்குக் காரணம், அந்த 11 வருஷத்துக்குள் கென்னடி கொலையும் வியட்நாம் போரும் வந்துவிட்டன. நடுவில் ஏதோ ஒன்று அறுந்துவிட்டால் பத்து வருஷமும் போன ஜென்மம் போலத் தெரியும். படத்தில் தனியாகப் பின்னணி இசையே கிடையாது, கார் ரேடியோவில் ஓடுகிற பழைய பாட்டுகள்தான் முழு இரவும். பிள்ளைகள் காரில் சுற்றுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், காதலிக்கிறார்கள், விடிகிறது. பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. கடைசியில் நான்கு பையன்களின் படமும் ஆளுக்கு ஒரு வரியும் வருகிறது: ஒருவன் 1964ல் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனால் கொல்லப்பட்டான், ஒருவன் 1965ல் வியட்நாமில் காணாமல் போனான், ஒருவன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், ஒருவன் எழுத்தாளன், கனடாவில் இருக்கிறான். அவ்வளவுதான், படம் முடிந்தது. அதுவரை இரண்டு மணி நேரம் சிரித்துப் பார்த்த அத்தனையையும் அந்த நான்கு வரி பின்னாலிருந்து திருப்பி எழுதிவிடுகிறது. அந்த வரிகளை வெட்டிவிட்டுப் பாருங்கள், அது ஜாலியான ஒரு இளைஞர் படம், அடுத்த வாரம் மறந்திருப்பீர்கள்.

நம் பக்கத்தில் 96 (2018). இதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது, ஆனாலும் ஒரு காட்சியை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். பள்ளியில் ஜானு நன்றாகப் பாடுவாள், ராம் ஒவ்வொரு முறையும் 'யமுனை ஆற்றிலே' கேட்பான், அவள் வேறு எதையாவது பாடுவாளே தவிர அதை மட்டும் பாடமாட்டாள். படம் இந்தக் கடனைக் கவனமாக வளர்த்துக்கொண்டே போகிறது. இருபத்திரண்டு வருஷம் கழித்து அவன் வீட்டில், கரண்ட் போன இருட்டில், கேட்காமலேயே அவள் பாட ஆரம்பிக்கிறாள், அவன் பதறி அடித்துக்கொண்டு வருகிறான். தளபதி (1991) பாட்டு அது, எத்தனையோ தடவை கேட்டது. இங்கே மட்டும் ஏன் அப்படிக் குத்துகிறது? இரண்டு மணி நேரமாகப் பாட்டை நமக்குத் தராமல் வைத்திருந்தார்கள், தந்தபோது அது பயன்படாத நேரமாகிவிட்டது. பாட்டு கிடைத்துவிட்டது, அவள் கிடைக்கமாட்டாள், காலையில் விமானம். பின்னணி வாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் குரலாக விட்டதும் நல்ல முடிவு. எனக்கு அப்படி ஒரு பள்ளிக்காதல் எதுவும் கிடையாது, சத்தியமாக. இருந்தும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

அங்கேதான் இன்னொரு விஷயம் வருகிறது. ஏக்கம் வருவதற்கு நாம் அந்தக் காலத்தில் வாழ்ந்திருக்கவே வேண்டியதில்லை. கில்லி 2024ல் மறுபடி திரைக்கு வந்தபோது ஆடித் தீர்த்தவர்களில் 2004ல் பிறந்தே இராத பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு அது டிவியில் பார்த்த படம், அண்ணன்கள் வசனம் பேசிக்காட்டிய படம். தியேட்டரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்கிற குறையைத்தான் அன்று தீர்த்துக்கொண்டார்கள்.

வாழாத காலத்துக்கு ஏங்க வைப்பதில் சினிமா பாரடைசோவை (1988) மிஞ்ச ஒன்று எனக்குத் தெரியாது. ஒரு சின்ன ஊர் தியேட்டர், படம் வெளியாகும் முன் பாதிரியார் உட்கார்ந்து பார்ப்பார், முத்தக் காட்சி வந்தால் மணியை ஆட்டுவார், ஆபரேட்டர் ஆல்ஃப்ரெடோ அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிடுவார். ஆபரேட்டர் அறையே கதி என்று கிடக்கும் பொடியன் தோத்தோ அந்தத் துண்டுகளைக் கேட்டு அடம்பிடிப்பான். பல வருஷம் கழித்து அவன் பெரிய இயக்குநர். ஆல்ஃப்ரெடோ இறந்துவிட்டார், தியேட்டரை இடிக்கிறார்கள், அவனுக்கென்று அவர் விட்டுப்போன ஒரு சுருள் இருக்கிறது. தனியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தால், வெட்டப்பட்ட முத்தங்கள் அத்தனையும் வரிசையாக ஒட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பழைய படங்களில் ஒன்றையும் நாம் பார்த்திருக்க மாட்டோம். நடிகர்கள் யாரென்றும் தெரியாது. தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஏனென்றால் அந்த ஊரில் யாருக்குமே கிடைக்காமல் போனதுதான் அந்தச் சுருளில் இருக்கிறது. அவன் இழந்ததை நாமும் அதே நேரத்தில்தான் முதல்முறையாகப் பார்க்கிறோம்.

சரி, தொழில்நுட்பத்துக்கு வருவோம், இதைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். பழைய காலம் என்றால் உடனே மஞ்சள் பூசிவிடுகிறார்கள். அன்றைக்கு வானம் நீலமாகத்தான் இருந்தது, இலை பச்சையாகத்தான் இருந்தது. நாம் பழைய நிறம் என்று நினைப்பது பெரும்பாலும் புகைப்படமும் பிலிமும் கெட்டுப்போன நிறம். ஈஸ்ட்மேன்கலர் பிரின்ட்களில் சயான் சாயம் சீக்கிரம் வெளிறிவிடும், மிஞ்சுவது ஒரு மாதிரி இளஞ்சிவப்பு. கெட்டுப்போன பிரின்ட்டின் நிறத்தை நம் மூளை காலத்தின் நிறமாகப் பதிந்துகொண்டது, இயக்குநர்கள் அதையே திருப்பி நமக்கு விற்கிறார்கள். சேரன் ஆட்டோகிராஃபில் (2004) நாயகனுடைய வாழ்க்கையின் வெவ்வேறு காலங்களுக்கு வெவ்வேறு ஒளிப்பதிவாளர்கள் என்று மொத்தம் நான்கு பேரை வைத்துக்கொண்டது இதைவிட மேலான யோசனை. ஒரே ஆள் ஃபில்டரை மாற்றுவது போலில்லாமல், ஒவ்வொரு காலத்துக்கும் பார்வையே மாறுகிறது. வெஸ் ஆண்டர்சனின் தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டலில் (2014) காலத்துக்கு ஏற்பத் திரையின் அகல உயர விகிதமே மாறும், 1930களின் பகுதி அந்தக்கால சினிமா மாதிரி கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும்.

பொருட்களைப் பற்றி ஒரு புலம்பல். கேசட்டுக்குள் பென்சிலை விட்டுச் சுற்றுவதை இனிமேல் யாராவது ஒரு படத்தில் காட்டினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அந்தக் காலத்தில் வாழ்ந்தவன் கேசட்டைக் கையில் எடுத்து ரசித்துக்கொண்டு நிற்கமாட்டான், பாட்டு கேட்க அவசரமாகச் சொருகுவான், டேப் மாட்டிக்கொண்டால் திட்டுவான். கேமரா பொருளுக்கு குளோசப் வைத்த நிமிஷம் அது மியூசியம் ஆகிவிடுகிறது. இன்னொரு பொதுவான தவறு: 1990ல் நடக்கிற கதை என்றால் வீட்டில் இருக்கும் எல்லாமே 1990ல் வாங்கியதாக இருக்கும். நிஜ வீட்டில் தாத்தா வாங்கிய கடிகாரம் இருக்கும், கல்யாணத்துக்கு வாங்கிய பீரோ இருக்கும், புதுசு என்று இரண்டு மூன்றுதான் இருக்கும். எல்லாக் காலத்துக்குள்ளும் அதற்கு முந்தைய காலம் கிடக்கிறது, கலை இயக்குநர் அதை மறந்தால் வீடு ஷோரூம்தான்.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி, ஏமாற்று வேலையா என்பது. விமர்சகர்கள் இதை ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஃபிரெடரிக் ஜேம்சன் இந்த மாதிரிப் படங்களைத் தனி வகையாகவே பிரித்து, கடந்த காலத்தை உடையாகவும் பளபளப்பாகவும் மட்டும் ஆக்கி உண்மையான வரலாற்றைத் தொலைத்துவிடுகின்றன என்றார். அவர் எடுத்த முக்கிய உதாரணமே நான் மேலே புகழ்ந்த அமெரிக்கன் கிராஃபிட்டிதான். அந்தப் படத்தில் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை, மற்றபடி அவர் சொன்னது சரி என்றுதான் படுகிறது. ஸ்வெட்லானா போய்ம் என்ற ஆய்வாளர் 2001ல் எழுதிய புத்தகத்தில் பிரித்த விதம் எனக்கு இன்னும் உபயோகமாக இருக்கிறது. ஒரு வகை ஏக்கம் இடிந்த வீட்டை அப்படியே திரும்பக் கட்டப் பார்க்கும், 'அந்தக் காலம்தான் பொற்காலம்' என்று சத்தம் போடும். இன்னொரு வகை இடிபாட்டுக்குள் மெதுவாக நடந்து பார்க்கும், திரும்பக் கட்ட முடியாது என்று அதற்குத் தெரியும். முதல் வகைப் படம் எடுப்பது சுலபம், கொஞ்சம் ஆபத்தும் கூட, ஏனென்றால் யாருக்குப் பொற்காலம் என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட படங்கள் நம்மிடம் இருக்கின்றன என்பதில் எனக்குப் பெருமை உண்டு. மாரி செல்வராஜின் வாழை (2024) தொடங்கும்போது எல்லாம் பழகிய சரக்குதான்: பள்ளிக்கூடம், பிடித்த டீச்சர், ரஜினியா கமலா என்று இரண்டு பையன்களின் சண்டை. நாமும் சிரித்து, நம்முடைய பள்ளியை நினைத்துக்கொண்டு, சௌகரியமாக உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் விடுமுறை வந்தால் அந்தப் பிள்ளைகள் பாரம் சுமக்கப் போகவேண்டும், கடைசியில் லாரி கவிழ்கிறது. இனிப்பைக் கொடுத்து உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிடுகிறார். சுப்ரமணியபுரம் (2008) இதே வேலையை வேறு மாதிரி செய்தது. 1980, பெரிய காலர், பெல்பாட்டம், கல்லுக்குள் ஈரம் படத்துப் பாட்டு ஒலிக்க ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள், பையன் தலையை ஆட்டுகிறான். அந்தச் சிரிப்பை எத்தனை பேர் ரிங்டோனும் ஸ்டேட்டஸுமாக வைத்துக் கொண்டாடினார்கள்! படத்தில் அந்தச் சிரிப்புதான் அவனைச் சாவுக்குக் கூட்டிப்போகிறது. (படம் வந்து இவ்வளவு வருஷமாச்சு, கதையைச் சொல்லிவிட்டேன் என்று கோபப்படாதீர்கள்.) நாம் பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு துரோகத்தை மறந்துவிட்டோம் என்பது படத்தின் குற்றமில்லை, நம் நினைவு வேலை செய்யும் லட்சணம் அது.

கடைசியாக, பழைய நடிகரையோ பழைய பாத்திரத்தையோ திரும்பக் கொண்டுவரும் படங்கள். இதில் தோற்பவை எல்லாம் ஒரே இடத்தில்தான் தோற்கின்றன: வயது ஏறவே இல்லை என்று சாதிக்கப் பார்க்கின்றன. பழைய வசனம், பழைய நடை, பழைய பிஜிஎம், ஆள் மட்டும் அப்படியே. முதல் காட்சிக்குக் கைதட்டல் விழும், இடைவேளைக்குள் சாயம் வெளுத்துவிடும். டாப் கன்: மேவரிக் (2022) முதல் படத்துக்கு 36 வருஷம் கழித்து வந்தது, விமானங்கள் பறந்த விதத்தைப் பற்றி ஆயிரம் பேசினார்கள். எனக்கு நினைவிருப்பது, முதல் படத்தில் நாயகனுக்குப் போட்டியாளராக நடித்த வால் கில்மர் வரும் காட்சி. நிஜத்திலும் தொண்டைப் புற்றுநோயால் குரலை இழந்தவர், படத்திலும் நோயாளியாகவே வருகிறார், சொல்ல வேண்டியதைக் கணினியில் தட்டச்சு செய்து காட்டுகிறார். பழைய போட்டியாளர்கள் இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். அங்கே எதையும் மறைக்கவில்லை, 36 வருஷம் என்ன செய்தது என்பது அவர் முகத்திலேயே இருந்தது.

டாய் ஸ்டோரி 3ம் (2010) இந்தக் கூட்டம்தான். முதல் படம் 1995ல் வந்தது. அன்று ஏழு வயதில் பார்த்த குழந்தைக்கு மூன்றாவது படம் வந்தபோது 22. பொம்மைகளின் சொந்தக்காரப் பையன் ஆண்டியையும் அவர்கள் குழந்தையாக நிறுத்தி வைக்கவில்லை, கல்லூரிக்குப் போகும் 17 வயதுப் பையனாக வளரவிட்டார்கள். கடைசியில் தன் பொம்மைகளை ஒவ்வொன்றாக, இது யார், எப்படி விளையாட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுக்கிறான். பெட்டியின் அடியில் அவனுக்கு மிகவும் பிடித்த பொம்மை வுடி இருக்கிறது, அதைக் கொடுக்க அவன் நினைத்திருக்கவில்லை. அந்தப் பெண் ஆசையாகக் கையை நீட்டுகிறாள், ஆண்டியின் கை தன்னையறியாமல் பொம்மையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறது. அரை நொடிதான் இருக்கும். அப்புறம் கொடுக்கிறான்.